விளக்கேற்றாமல் தொடங்கும் கூட்டம்

மலேசியப் பல்கலைக்கழகம் ஒன்றில் இந்திய மாணவர்கள் நடத்தும் பெரிய நிகழ்ச்சியின் முதல் பத்து நிமிடங்களைக் கவனித்துப் பாருங்கள். தேசிய கீதமான நெகாராகூ முடியும். குத்துவிளக்கு ஏற்றச் சிறப்பு விருந்தினரை அழைப்பார்கள். ஒரு மாணவி தேவாரம் பாடுவார். அரங்கமே எழுந்து நிற்கும். அந்தக் கூட்டத்தில் பட்டர்வொர்த்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் மாணவன் ஒருவன் இருப்பான். கிள்ளானிலிருந்து வந்த கத்தோலிக்கப் பெண் ஒருத்தி இருப்பாள். கடவுள் நம்பிக்கையை எப்போதோ விட்டுவிட்டு, அதை யாரிடமும் சொல்லாமல் இருக்கும் ஒருவரும் இருப்பார். கையைக் கூப்புவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் மூவரும் நிற்பார்கள். அவர்களை யாரும் போகச் சொல்லவில்லை. ஆனாலும் நிகழ்ச்சி தொடங்குவதற்குள்ளேயே, இது நம் வீடு இல்லை என்று அவர்களுக்குத் தோன்றிவிடுகிறது.

மதம் சாராத மாணவர் கழகம் ஒன்று தேவைப்படுவது முதலில் இந்த மூவருக்காக. அடுத்தது, கோயிலுக்குப் போகிற, விரதம் இருக்கிற, ஆனால் மனத்தில் எழும் கேள்வியை வாய்விட்டுக் கேட்க இடமில்லாத மாணவருக்காக. வளாகங்களில் ஒவ்வொரு மதத்தாருக்கும் அமைப்புகள் உண்டு. அவை நல்ல வேலையும் செய்கின்றன. நீ எந்த மதம் என்று கேட்காமல் உட்கார வைக்கிற அறைதான் குறைவு. அந்த அறையை வாரம் தவறாமல் திறந்து வைப்பதற்கு என்னென்ன செய்ய வேண்டும், எங்கே சறுக்கும் என்பதை இங்கே எழுதுகிறோம்.

இது எங்கிருந்தோ இறக்குமதியான எண்ணம் என்று யாராவது சொன்னால், மலாயாத் தமிழர் வரலாற்றை எடுத்துக் காட்டுங்கள். 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கி, ஈப்போவில் தமிழர் மாநாட்டில் பேசினார். 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. அதில் முன்னின்ற கோ. சாரங்கபாணி 1935-இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கினார். 1952-இல் தமிழர் திருநாளை முன்னெடுத்தார். எந்த மதத்துத் தமிழரும், எந்தச் சாதித் தமிழரும் ஒன்றாக வந்து நிற்க ஒரு நாள் வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஒரு வகுப்பறையில் இருபது நாற்காலி போட்டு நடத்தும் வாரக் கூட்டமும் அந்த மரபில் வருவதுதான்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். மதம் சாராத கழகம் வேறு, மதத்தை எதிர்க்கும் கழகம் வேறு. இந்த வேறுபாடு கழகத்தைக் காப்பாற்றுவதற்கான தந்திரம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி நினைக்கிற செயலவை ஓராண்டு தாக்குப்பிடிப்பது கடினம். அனுமதித் தாளில் ஒன்றை எழுதிவிட்டு அறைக்குள் வேறொன்றைச் செய்தால், முதல் புகாரிலேயே கழகத்தின் ஆலோசகரான விரிவுரையாளர் கைவிரிப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. எழுதியதையே செய்யுங்கள், செய்யப்போவதையே எழுதுங்கள். 'அறிவியல், மெய்யியல், அறநெறி ஆகியவற்றை எந்த மதத்தையும் சாராமல் கலந்து பேசுதல்; எல்லா நம்பிக்கையினரும் நம்பிக்கை அற்றோரும் சமமாகப் பங்கேற்றல்' என்று நோக்கத்தை எழுதினால், அதில் மறைக்க எதுவும் இல்லை.

சட்டப் பின்னணியைச் செயலவை முழுவதும் முதல் மாதத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்துவிட வேண்டும். 1970 ஆகஸ்டு 31-இல் அறிவிக்கப்பட்ட தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடு இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். கூட்டரசு அரசியலமைப்பின் 11-ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் மதத்தைப் பின்பற்றும் உரிமையைத் தருகிறது. அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு, முஸ்லிம்களிடையே பிற கொள்கைகளைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த இடம் தருகிறது. குற்றவியல் சட்டத்தின் 298, 298ஏ பிரிவுகள், மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சையும் மத அடிப்படையில் பிளவு உண்டாக்குவதையும் குற்றமாக்குகின்றன. இஸ்லாத்தைப் பற்றிப் போதிக்க, சமய அதிகாரிகள் தரும் தவ்லியா என்னும் அனுமதி வேண்டும். ஆகவே நடைமுறை எளிது: இஸ்லாத்தைத் தலைப்பாக வைத்து எந்த அமர்வும் இல்லை, முஸ்லிம் மாணவர் வந்தால் மற்றவரைப் போலவே மரியாதையோடு உட்காரலாம், அவருடைய நம்பிக்கை பற்றி யாரும் எதுவும் கேட்கக்கூடாது, அவர் வாயிலிருந்து எதையும் வரவழைக்கக்கூடாது. இதை அடக்குமுறைக்கு அடிபணிவது என்று சூடாகப் பேசும் உறுப்பினர் ஆண்டுக்கு ஒருவராவது வருவார். சட்டத்தின் முன் போய் நிற்கப்போவது அவர் அல்ல, அந்த முஸ்லிம் மாணவர் என்பதை அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

பதிவுக்கு வருவோம். அரசாங்கப் பல்கலைக்கழகம் என்றால் 1971-ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டமும், அதன் கீழ் உங்கள் வளாகம் வகுத்திருக்கும் விதிகளும் அடிப்படை. தனியார் கல்விக்கூடம் என்றால் 1996-ஆம் ஆண்டின் 555-ஆவது சட்டம். வளாகத்துக்கு வெளியே மாமாக் கடையில் கூடினால் எந்தத் தாளும் வேண்டாம் என்று நினைப்பது தவறு. ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து அமைப்பாக இயங்கினால், 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம் அதைச் சங்கம் என்றே பார்க்கும். நான்கு நண்பர்கள் தே தாரிக் குடித்துக்கொண்டு பேசுவது வேறு. பெயர், தலைவர், சந்தா வைத்து நடத்துவது வேறு.

மாணவர் விவகாரப் பிரிவுக்கு, அதாவது எச்.இ.பி.க்குப் போகும் கோப்பில் பொதுவாக ஐந்து பொருள்கள் இருக்க வேண்டும்: சட்டவிதி, அமைப்புக் குழுவின் பெயர்ப் பட்டியல், ஆலோசகராக இருக்க ஒப்புக்கொண்ட விரிவுரையாளரின் கடிதம், முதலாண்டுத் திட்டம், உறுப்பினராகச் சேர விரும்புவோரின் கையொப்பம். இதில் அதிகம் சறுக்குவது ஆலோசகர் விஷயத்தில். உற்சாகமான இளம் விரிவுரையாளரைப் பிடிப்பார்கள். அவர் அடுத்த ஆண்டே முனைவர் பட்டத்துக்கு வெளிநாடு போய்விடுவார். அவர் கையொப்பம் இல்லாமல் அறைகூடக் கிடைக்காது. குறைந்தது இன்னும் இரண்டு ஆண்டு அங்கேயே இருக்கப்போகிறவரைத் தேடுங்கள். துணை ஆலோசகர் ஒருவரையும் முதல் நாளிலேயே சட்டவிதியில் எழுதிவிடுங்கள். மெய்யியல் ஆசிரியராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இயற்பியல், புள்ளியியல், மொழியியல் துறைக்காரர்கள் இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்துகிறார்கள்.

பெயரில் அதிகம் மெனக்கெட வேண்டாம். 'நாத்திக' என்று தொடங்கும் பெயருக்கு இங்கே அனுமதி கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது நேரவிரயம். அப்படியே கிடைத்தாலும், மேலே சொன்ன மூவரில் இருவர் அந்தக் கதவைத் திறக்க மாட்டார்கள். சிந்தனை வட்டம், உரையாடல் கழகம் போன்ற எளிய பெயர் போதும்.

கழகம் பதிவான பிறகு, வாழ்க்கையே கெர்தாஸ் கெர்ஜாதான், அதாவது அனுமதி கேட்டு எழுதும் நிகழ்ச்சித் திட்ட அறிக்கைதான். ஒவ்வொரு பெரிய நிகழ்ச்சிக்கும் மலாய் மொழியில் ஒன்று எழுத வேண்டும்: பின்னணி, நோக்கம், நாளும் இடமும், எத்தனை பேர், பொறுப்பாளர் பட்டியல், தெந்தாதிப் எனப்படும் நிகழ்ச்சி நிரல், வரவு செலவு. எழுதுவது இரண்டு மாலை வேலை. கையொப்பங்கள் வாங்கி முடிப்பது வாரக்கணக்கில் இழுக்கும். வெளிப் பேச்சாளர் இல்லாத நிகழ்ச்சிக்கு நான்கு வாரமும், இருந்தால் ஆறு வாரமும் முன்னதாகக் கொடுத்துவிடுங்கள். வெளிப் பேச்சாளரின் முழுப்பெயர், அடையாள அட்டை எண், ஒரு பக்கத் தன்குறிப்பு, பேசப்போகும் தலைப்பு ஆகியவற்றைக் கேட்பார்கள். இவற்றைப் பேச்சாளரிடம் முதல் தொலைபேசி அழைப்பிலேயே வாங்கிவிட வேண்டும். பிறகு வாங்கலாம் என்றால் ஒரு வாரம் போய்விடும்.

தாளில் ஒரு தலைப்பு, சுவரொட்டியில் வேறொரு தலைப்பு: கழகங்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். செயலாளர் 'அறநெறியின் அடிப்படைகள்' என்று அனுமதி வாங்கியிருப்பார். சுவரொட்டி வரைகிற மாணவர், கூட்டம் வரட்டும் என்று நல்லெண்ணத்தோடு 'கடவுள் இல்லாமல் நல்லவராக இருக்க முடியுமா?' என்று பெரிய எழுத்தில் போட்டுவிடுவார். இரண்டாவது நல்ல கேள்விதான். ஆனால் அனுமதி முதலாவதுக்குத்தான் வாங்கியிருக்கிறது. ஒருவர் படம்பிடித்து மேலே அனுப்பினால் நிகழ்ச்சி நின்றுவிடும். பேச்சாளர் பாதி வழியில் இருப்பார். சுவரொட்டி வெளியே போகும் முன் செயலாளர் அனுமதித் தாளை ஒரு கையிலும் சுவரொட்டியை மறு கையிலும் வைத்துக்கொண்டு, தலைப்பு, நாள், இடம், பேச்சாளர் பெயர் ஆகிய நான்கையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். ஐந்து நிமிட வேலை.

வாரக் கூட்டம்தான் கழகத்தின் உயிர். ஆண்டுக்கு ஒரு மாநாடு நடத்திப் பெயர் வாங்குவதைவிட, பதினான்கு வாரப் பருவத்தில் பன்னிரண்டு முறை ஒரே கிழமை, ஒரே மணி, ஒரே அறையில் கூடுவது மேல். செவ்வாய் அல்லது புதன் இரவு எட்டரை முதல் பத்து வரை வைப்பது நல்லது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் மாலைத் தொழுகையான மக்ரிப் ஏழிலிருந்து ஏழே முக்காலுக்குள் வந்துவிடும். அந்த நேரத்தில் எந்தக் கூட்டமும் வைப்பதில்லை என்பது வளாக வழக்கம். வெள்ளிக்கிழமை நண்பகலும் ஆகாது. பத்து மணியைத் தாண்டினால் விடுதிப் பேருந்து போய்விடும். பெண்கள் விடுதியில் கதவடைக்கும் நேரத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரமும் பதினான்காம் வாரமும் விட்டுவிடலாம். தீபாவளி வாரத்தில் பாதிப் பேர் ஊரில் இருப்பார்கள், பொருட்படுத்த வேண்டாம். நான்கு பேர் வந்தாலும் நடத்துங்கள். ஒருமுறை ரத்தானால், அடுத்த வாரமும் இருக்காதோ என்று யோசித்துப் பாதிப் பேர் கிளம்பவே மாட்டார்கள்.

அறை சிறியதாக இருக்கட்டும். பன்னிரண்டு பேர் வருவார்கள் என்றால் இருபத்தைந்து பேருக்கான அறை சரி. இருநூறு பேர் உட்காரும் விரிவுரை மண்டபத்தில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தால் கழகம் செத்துக்கொண்டிருப்பதாகவே தோன்றும். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். வரக்கூடியவர்களைவிட இரண்டு நாற்காலி குறைவாகப் போட்டு, ஆள் வர வர எடுத்துப் போடுவது நல்லது. வட்டத்தில் காலி இடம் விழாது. வாசலில் ஒருவர் நிற்க வேண்டும். தனியாக வரும் முதலாண்டு மாணவரைப் பெயர் கேட்டு உள்ளே அழைத்து, தம் பக்கத்தில் உட்கார வைப்பது மட்டுமே அவர் வேலை. கேட்கக்கூடாத கேள்விகள் சில உண்டு: என்ன மதம், எந்தக் கோயில், அப்பா என்ன ஆள். மூன்றாவது கேள்வி இன்னும் நம்மிடையே உலவுகிறது என்பது வருத்தம்தான். அதைக் கழக வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும்.

தொண்ணூறு நிமிடத்தில் அறிமுகத்துக்குப் பத்து, தொடக்க உரைக்கு இருபத்தைந்து, கலந்துரையாடலுக்கு நாற்பது, கழக வேலைகளுக்குப் பதினைந்து. உரை முப்பதைத் தாண்டினால் மற்றவர்கள் கேட்பவர்களாகவே இருந்துவிடுவார்கள். கலந்துரையாடலில் ஆளுக்கு இரண்டு நிமிடம். கை தூக்கியவர் பெயரை நடத்துநர் தாளில் எழுதிக்கொண்டே வந்து, இதுவரை பேசாதவரை முன்னே அழைக்க வேண்டும். தமிழில் பேச வருகிற எல்லோருக்கும் தமிழ் படிக்க வராது. தேசியப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர் திரையில் நீண்ட தமிழ்ப் பத்தியைப் பார்த்தால் ஒதுங்கிவிடுவார். திரையில் சொல் குறைவாக இருக்கட்டும். வாயில் தமிழ் நிறைய இருக்கட்டும். நடுவில் மலாய்ச் சொல் வந்தால் யாரும் திருத்த வேண்டாம்.

என்ன பேசுவது? ஒரே ஒரு அமர்வை அருகில் வைத்துப் பார்ப்போம். தலைப்பு: 'சித்திரை ஒன்று ஏன் ஏப்ரல் 14-இல் வருகிறது?' தேவையானவை ஒரு பம்பரம், ஒரு நாட்காட்டி, ஆளுக்கொரு தாள். சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வந்து, பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாவது மார்ச் 20 அல்லது 21-இல். சூரியன் மேட ராசிக்குள் நுழையும் நாள்தான் சித்திரை ஒன்று. மேட ராசியின் தொடக்கம் ஒரு காலத்தில் அந்த மார்ச் புள்ளியோடு ஒட்டித்தான் இருந்தது. இப்போது ஏறத்தாழ 24 நாள் தள்ளிப் போயிருக்கிறது. ஏன்? பம்பரத்தைச் சுழற்றிவிடுங்கள். வேகம் குறையும்போது அதன் தலை மெதுவாக ஒரு வட்டம் போடும். பூமியின் அச்சும் அப்படித்தான் வட்டமிடுகிறது. ஒரு பாகை நகர ஏறத்தாழ 72 ஆண்டு. முழு வட்டத்துக்கு 360-ஐ 72-ஆல் பெருக்குங்கள்: 25,920 ஆண்டு. சூரியன் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு பாகை நகர்வதால் 24 நாள் என்பது 24 பாகை. 24-ஐ 72-ஆல் பெருக்கினால் 1,728. ஆக, இரண்டும் ஒன்றாக இருந்தது ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன். இந்தக் கணக்கை மாணவர்களே தாளில் போடட்டும். பிறகு ஒரே கேள்வி: புத்தாண்டை வானத்தோடு சேர்த்து மார்ச்சுக்கு நகர்த்த வேண்டுமா, இல்லை மரபோடு ஏப்ரலிலேயே இருக்க வேண்டுமா?

நாற்பது நிமிடமும் அறை கொதிக்கும். கோயிலுக்குப் போகிறவரும் போகாதவரும் கலந்து இரண்டு பக்கமும் பிரிந்து நிற்பார்கள். யாரும் தம் நம்பிக்கையை வெளிப்படுத்த வேண்டியதில்லை, எல்லோரும் சிந்தித்திருப்பார்கள். இந்த அமர்வில் சறுக்கக்கூடிய இடமும் ஒன்றுண்டு. இருபதாவது நிமிடத்தில் ஒருவர், 'அப்போ ஜாதகமெல்லாம் பொய்யா?' என்பார். நடத்துநர் அங்கே பதில் சொல்லத் தொடங்கினால் கூட்டம் திசைமாறிவிடும். கேள்வியைப் பலகையில் எழுதுங்கள். அதற்கென்று தனி வாரம் கொடுங்கள். அந்த வாரத்துக்கு, 1985-இல் நேச்சர் இதழில் வெளிவந்த இருமறைச் சோதனையை, அதாவது சரியான விடை சோதிப்பவருக்கும் சோதிக்கப்படுபவருக்கும் தெரியாதபடி நடத்திய சோதனையை எடுக்கலாம். மூன்று ஆளுமைக் குறிப்புகளில் எது இந்த ஜாதகருடையது என்று ஜோதிடர்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் கிடைக்கும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே அவர்களுடைய தேர்வும் சரியாக இருந்தது. அந்த ஆய்வுக்கு எழுந்த எதிர்வாதங்களையும் சேர்த்தே படியுங்கள். சோதனையை எப்படி அமைக்க வேண்டும் என்று மாணவர்கள் கற்றுக்கொண்டு போவதுதான் அங்கே கிடைக்கும் லாபம்.

தீமிதி, அலகு குத்துதல் போன்றவற்றைப் பற்றிய அறிவியல் அமர்வை முதலாண்டில் வைக்காதீர்கள். தணல் ஏன் உடனே சுடுவதில்லை என்பதற்கு இயற்பியல் விளக்கம் உண்டு: கரித்துண்டும் அதன் மேல் படிந்த சாம்பலும் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், கால் படும் நேரமோ மிகக் குறைவு. ஆனால் அறையில் இருக்கும் ஒருத்தியின் அண்ணன் போன மாதம்தான் நேர்த்திக்கடன் செலுத்தியிருப்பான். கழகத்தின் மேல் அவளுக்கு நம்பிக்கை வந்த பிறகு, அந்த விளக்கத்தை அவளே கேட்பாள். தைப்பூசத்துக்கு அடுத்த நாள் பத்துமலையிலோ பினாங்குத் தண்ணீர்மலையிலோ குப்பை பொறுக்கப் போகலாமா என்று ஒரு கேள்வி வரும். தாராளமாகப் போகலாம். வாசகம் எழுதிய சட்டை போடாமல், கையுறையும் பையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

பெரிய மேடை நிகழ்ச்சியை எப்படித் தொடங்குவது என்ற குழப்பத்துக்கு எளிய வழி இருக்கிறது. நெகாராகூவுக்கு அடுத்து மலேசியத் தமிழ் வாழ்த்தைப் பாடிவிட்டு நிகழ்ச்சிக்குள் போய்விடுங்கள். அந்த வாழ்த்தை எழுதியவரே ஒரு தமிழ் முஸ்லிம் கவிஞர். அதற்கு எழுந்து நிற்க யாருக்கும் தயக்கம் வராது. பல்கலைக்கழக அதிகாரி வருகிற நிகழ்ச்சியில் டோவா என்னும் இஸ்லாமிய வேண்டுதலை ஓதுவது நெறிமுறையாக இருந்தால், அதற்கு மல்லுக்கு நிற்காதீர்கள். இரண்டு நிமிடம் மரியாதையாக நின்றால் யார் கொள்கையும் குறைந்துவிடாது.

இனிச் சொல்வது மிக முக்கியம். 2017 ஆகஸ்டில் கோலாலம்பூரில் நாத்திகர் சிலர் கூடி எடுத்துக்கொண்ட குழுப்படம் ஒன்று சமூக ஊடகத்தில் பரவியது. அதில் முஸ்லிம்கள் இருந்தார்களா என்று விசாரிக்கப்படும் என அரசுத் தரப்பிலிருந்து அறிவிப்பு வந்தது. சிரித்த முகத்தோடு எடுத்த ஒரே ஒரு படம்தான். ஆகவே வாரக் கூட்டத்தில் படமே எடுக்க வேண்டாம். அறிக்கைக்குப் படம் வேண்டும் என்று மாணவர் விவகாரப் பிரிவு கேட்டால், பேச்சாளரையும் பலகையையும் மட்டும், கூட்டத்தின் பின்னாலிருந்து எடுங்கள். யாருடைய முகமும் தெரியக்கூடாது. முகம் தெரிகிற படம் வேண்டுமென்றால் சம்மதித்தவர்களை மட்டும் தனியே நிறுத்தி எடுங்கள். சம்மதத்தை ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

வருகைப் பதிவில் பெயரும் மாணவர் எண்ணும் போதும். மதம் என்ற கட்டம் வேறு படிவத்திலிருந்து வெட்டி ஒட்டும்போது தானாக வந்து உட்கார்ந்துவிடும், பார்த்து நீக்குங்கள். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத நம்பிக்கையை உணர்வுநுட்பமான தரவு என்றே வகைப்படுத்துகிறது. மாணவர் கழகமும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். அறிவிப்புக்குப் புலன (வாட்ஸ்அப்) குழு தொடங்கினால், குழுவில் இருக்கும் எல்லோர் கைப்பேசி எண்ணும் எல்லோருக்கும் தெரியும். யார் யார் உறுப்பினர் என்று ஒரு திரைப்பிடிப்பில் வெளியே போய்விடும். டெலிகிராம் சேனலில் உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அறிவிப்புக்கு அதுவே ஏற்றது. புலனம் செயலவைக்கு மட்டும் இருக்கட்டும்.

வீட்டு விஷயத்தில் கழகம் மிகுந்த நிதானத்தோடு நடக்க வேண்டும். நம்பிக்கை இழந்த மாணவரிடம், 'வீட்டில் சொல்லிவிடு, மனம் லேசாகும்' என்று அறிவுரை சொல்லும் நண்பர்கள் உண்டு. அவருடைய கட்டணத்தைக் கட்டுவது அப்பா; விடுமுறைக்குப் போய்ச் சேர வேண்டியது அந்த வீட்டுக்குத்தான். எப்போது, யாரிடம், எவ்வளவு சொல்வது என்பதை அவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். கடைசிவரை சொல்லாமலே இருந்தாலும் அதில் கோழைத்தனம் இல்லை. மனம் உடைந்துபோகும் நிலைக்கு யாராவது வந்தால் உங்கள் தோழமை மட்டும் போதாது. பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவுக்கு உடன் நடந்து போங்கள். இரவு நேரமென்றால் பிஃப்ரெண்டர்ஸ் என்னும் தொலைபேசி உதவிச் சேவை இருக்கிறது. அதன் எண்ணைச் செயலவையில் ஒவ்வொருவரும் கைப்பேசியில் வைத்திருக்க வேண்டும்.

ஒரு கழகம் உண்மையில் எதற்கு இருக்கிறது என்பது உறுப்பினர் வீட்டில் சாவு விழும்போது தெரியும். பினாங்கில் படிக்கும் மாணவனின் அப்பா காஜாங்கில் இறந்துவிட்டார், மறுநாள் மதியம் எடுக்கிறார்கள் என்று இரவு பதினொரு மணிக்குச் செய்தி வரும். அப்போது யோசிக்கத் தொடங்கினால் நேரம் போய்விடும். யார் ஒருங்கிணைப்பது என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒருவரைக் குறித்து வைத்திருங்கள். கார் வைத்திருப்பவர்கள் யார், இரவில் நெடுஞ்சாலையில் ஓட்டக்கூடியவர்கள் யார் என்ற பட்டியல் வேண்டும். ஐந்து மணி நேரப் பயணம். ஓட்டுநர் இருவர் இருக்க வேண்டும். ஆளுக்கு ஐந்து வெள்ளி பத்து வெள்ளி என்று சேர்த்து உறையில் போட்டு, வீட்டில் கணக்கு எழுதுகிறவரிடம் கொடுங்கள். போய்ச் சேர்ந்ததும் நாற்காலி தூக்குங்கள், தண்ணீர் கொடுங்கள், அம்மாவிடம், 'நாங்க கூடப் படிக்கிறவங்கம்மா' என்பதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம். நம்பிக்கை இல்லாத அந்த மகன் மொட்டை போட்டுக் கொள்ளிச்சட்டி தூக்குவான். அதைப் பற்றி அங்கேயும் பிறகும் ஒரு சொல்கூட வரக்கூடாது. அது அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் இடையில் உள்ளது. இங்கே வளாகத்தில் இருப்பவர்கள் விரிவுரையாளர்களுக்குத் தகவல் சொல்லி, ஒப்படைப்புகளுக்குத் தவணை கேட்டு, ஒரு வாரக் குறிப்புகளைப் படியெடுத்து வைக்கட்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் போன பிறகுதான் வீடு வெறுமையாகும். அன்று ஒருவர் அவனை அழைத்துப் பேச வேண்டும். சடங்கு சொல்லும் ஆறுதல் போதாதவனுக்குப் பேசுவதற்கு ஆள் வேண்டும். கழகம் தரக்கூடியது அதைத்தான்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பருவத்துக்கு ஐந்து வெள்ளி சந்தா. கட்ட முடியாதவரை விட்டுவிடுங்கள். கைச்செலவுக்கு நூறு வெள்ளிக்கு மேல் யாரும் சொந்தக் காசைப் போடக்கூடாது, ஏனென்றால் பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பி வர மாதக்கணக்காகலாம். கடை ரசீது வெப்பத்தாளில் வருவது. கோப்பில் வைத்தால் சில மாதங்களில் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். வாங்கிய அன்றே படமெடுத்துச் சேமியுங்கள். கட்சியிடமிருந்தும் சமய அமைப்பிடமிருந்தும் நன்கொடை வேண்டாம். உணவு ஹலாலாக இருக்க வேண்டும், மாட்டிறைச்சி வேண்டாம், நான்கில் ஒரு பங்கு முட்டையும் நெத்திலியும் இல்லாத சைவம். பொட்டலத்தின் மேல் பேனாவால் எழுதிவிடுங்கள். நாசி லெமாக் சம்பலில் நெத்திலி இருக்கும் என்பது பலருக்கும் கடைசி நிமிடத்தில்தான் நினைவுக்கு வருகிறது.

மாணவர் கழகங்கள் பெரும்பாலும் எதிர்ப்பால் சாவதில்லை, பட்டமளிப்பால் சாகின்றன. நிறுவியவர்கள் மூவரும் இறுதியாண்டு மாணவர்களாக இருந்தால், அவர்கள் அங்கி போட்டுப் படமெடுத்துக்கொள்ளும் அன்றே கழகமும் முடிந்துபோகும். செயலவையில் இரண்டாம் ஆண்டு மாணவர் இருவராவது எப்போதும் இருக்க வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தைத் தேர்வு நெருங்கும் பதினான்காம் வாரத்துக்குத் தள்ளாமல், இரண்டாம் பருவத்தின் ஒன்பதாம் வாரத்தில் வையுங்கள். மீதி ஐந்து வாரமும் பழைய செயலாளரும் புதியவரும் சேர்ந்தே வேலை செய்யட்டும். ஒரு கெர்தாஸ் கெர்ஜாவையாவது புதியவர் தம் கையால் எழுதி, கையொப்பம் வாங்க அலுவலகங்களுக்கு நடந்து பார்க்கட்டும்.

ஒப்படைக்கும் கோப்பில் என்னென்ன வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்: சட்டவிதி, கூட்டக் குறிப்புகள், கணக்கு, அனுமதித் தாள்கள், நடத்திய அமர்வுகளின் குறிப்பு. தெரியாமல் போவது ஒன்று. கழக மின்னஞ்சலின் இருபடிச் சரிபார்ப்பு, தொடங்கியவரின் சொந்தக் கைப்பேசி எண்ணில் இருக்கும். அவர் படிப்பு முடிந்து முன்கட்டண எண்ணை மாற்றிவிடுவார். அதன் பிறகு மின்னஞ்சல், அதிலிருக்கும் கோப்புகள், டெலிகிராம் சேனல் எல்லாம் பூட்டிக்கொள்ளும். ஒப்படைப்புக் கூட்டத்திலேயே எண்ணை மாற்றி, வெளியே வந்து, புதியவரின் கைப்பேசியிலிருந்து மறுபடி உள்ளே போய்க் காட்டச் சொல்லுங்கள். மீட்புக் குறியீடுகளை அச்செடுத்து உறையிலிட்டு ஆலோசகரிடம் கொடுங்கள்.

நீண்ட விடுமுறை தொடங்கும் முன், அடுத்த பருவத்தின் பன்னிரண்டு செவ்வாய்க்கிழமைகளுக்கும் அறையைப் பதிந்துவிடுங்கள். புதியவர்களை வரவேற்கும் வாரத்தில் எல்லாக் கழகமும் அறைக்கு அலையும். அப்போது கேட்டால் கிடைக்காது. கூட்டம் தொடங்குவது இரண்டாம் வாரம். முதல் செவ்வாய் இரவு எட்டேகாலுக்குப் புதிய செயலாளர் போய்க் கதவைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, பத்து நாற்காலிகளை வட்டமாக வைத்துவிட்டு, வாசலில் வந்து நிற்க வேண்டும்.